இறக்கத்தில் இரண்டாம் கியர்

கோச்கோர்
ஏப்ரல் 2, 1996

தம்பி ஜெக்ஷெனுக்கு அக்கா புருல் எழுதுவது.

நீ சுகமா, உன் மனைவி சுகமா, பேரப்பிள்ளைகள் சுகமா, பசு கன்று போட்டதா? முறைக்குக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். அதற்காக அம்மா இறந்த வருஷ நினைவு விருந்தன்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீ பஸ் ஏறிப் போனதை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. உன் தட்டில் பாதி இறைச்சி அப்படியே கிடந்தது. அதை நான்தான் நாய்க்குப் போட்டேன். நாய் சாப்பிட்டது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். கூட்டுப்பண்ணையைப் பிரித்தபோது எங்கள் நாலு வீட்டுக்கும் சேர்த்து, காஸ் என்கிற ரஷ்யக் கம்பெனியின் பழைய லாரி ஒன்று வந்தது உனக்குத் தெரியும். அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் என் மகன் குபாத். அவன் குளிர்காலத்தில் சைபீரியாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். மருமகள் தோல்குனும் கைக்குழந்தையும் என்னோடு இருக்கிறார்கள். லாரி முற்றத்தில் நிற்கிறது, கோழி அதன் மேல் ஏறி உட்காருகிறது.

ஆக்-பெல் கணவாய்க்கு அப்பால் இருக்கும் நம் மேய்ச்சல் இடத்தில் மே மாதம் முடிவதற்குள் கூடாரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடம் கேட்கிறவருக்குப் போய்விடும் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். கேட்கிறவன் யார் தெரியுமா? குதிரைக்காரன் சத்தார். அப்பா கல் அடுக்கிய அடுப்பில் சத்தாரின் மனைவி தேநீர் கொதிக்க வைப்பதை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன்.

ஆடுகளை உன் மச்சான் ஒமூர் குதிரையில் ஓட்டிப் போவார். கூடாரம், கம்பளி, அடுப்பு, மாவு மூட்டை எல்லாம் லாரியில்தான் போக வேண்டும். அவருக்குக் குதிரை தெரியும், லாரி தெரியாது. நீ ஆயுள் முழுக்க டிரைவர். வந்து ஓட்டு. கேட்கப் பிடிக்காமல்தான் கேட்கிறேன்.

புருல்

*

தோக்மோக்
ஏப்ரல் 11

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் மனைவி வாசித்துவிட்டு, "உங்க அக்கா உதவி கேக்குறாங்களா, திட்டுறாங்களா?" என்றாள். எனக்கும் தெரியவில்லை.

அக்கா, என் இடது முட்டியில் போன இலையுதிர்காலம் கத்தி வைத்தார்கள். நடப்பேன், பஸ் ஏறுவேன். ஆனால் காஸ் லாரியின் கிளட்சை ஆக்-பெல் ஏற்றம் முழுக்க மிதிக்க இந்தக் கால் ஆகாது. பொய் சொல்லவில்லை. வேண்டுமானால் தையலைக் காட்டுகிறேன்.

உங்கள் தெருவில் கல்மாத் இருக்கிறான் அல்லவா, அவனைக் கூப்பிடுங்கள். குடிப்பான்தான், ஆனால் காலையில் குடிக்க மாட்டான்.

அம்மாவின் விருந்தில் நான் ஏன் எழுந்து போனேன் என்று உங்களுக்கே தெரியும். எல்லோர் முன்னாலும் மறுபடியும் அந்தக் கம்பளப் பேச்சை எடுத்தீர்கள். முப்பத்தாறு வருஷமாகச் சொல்கிறேன், பிரேக் குழாய் வெடித்தது. வெடித்த குழாயை நான் என்ன செய்ய முடியும்?

உங்கள் தம்பி
ஜெக்ஷென்

*

கோச்கோர்
ஏப்ரல் 17

ஜெக்ஷெனுக்கு,

கல்மாத்தைக் கேட்டேன். காலையில் குடிக்க மாட்டான் என்று நீ எழுதியது பொய். வாசலில் சாய்ந்து நின்று சொல்கிறான்: "நான் வர்றேன் அக்கா. ஆனா சத்தாருக்கும் அதே வாரத்துல சாமான் ஏத்த வேண்டியிருக்கு. அவனை முடிச்சிட்டு வர்றேன்." சத்தாரின் சாமான் எங்கே போகிறதாம்? ஆக்-பெல்லுக்கு அப்பால்!

நான் கதவைச் சாத்திவிட்டேன்.

உனக்கு முட்டி ஒன்று கெட்டிருக்கிறது. எனக்கு இரண்டும் நன்றாக இருக்கின்றன. நானே ஓட்டப் போகிறேன்.

சிரிக்காதே. நேற்று லாரியை எழுப்பினேன். முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். கோழிகள் பறந்தன, என்ஜின் பிடித்தது. உன் மச்சான் வெளியே வந்து பார்த்துவிட்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போய்விட்டார். முதல் கியர் போட்டு முற்றத்திலிருந்து வாய்க்கால் வரை போனேன். அங்கே இரண்டாவது போடப் பார்த்தேன். அது போட்ட சத்தத்தை எப்படி எழுதுவது? ஆட்டை உயிரோடு உரித்தால் அப்படிக் கத்தும். கல்மாத் வேலி மேல் ஏறி நின்று, "என்ன அக்கா, லாரிக்குப் பல்லு புடுங்குறீங்களா?" என்றான்.

கியர் ராடுக்குத் தலை கூட இல்லை. மொட்டைக் கம்பியில் துணி சுற்றியிருக்கிறது. நீ ஒரு கண்ணாடிக் குமிழ் வைத்திருப்பாயே, உள்ளே சிவப்பு ரோஜா வைத்து வார்த்தது, லாரி மாறினாலும் அதை மட்டும் கழற்றிக் கொண்டுபோவாய், யாரையும் தொட விட மாட்டாய். அந்த மாதிரி ஆடம்பரம் எதுவும் இங்கே இல்லை.

கியர் மாற்றுவது எப்படி என்று எழுது. இரண்டு கால், இரண்டு கை எங்கே எப்போது இருக்க வேண்டும் என்று ஒழுங்காக எழுது. நான் பள்ளிக்கூடம் போனது நாலாம் வகுப்பு வரைக்கும்தான், அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. கேலி செய்து எழுதினால் கடிதம் அடுப்புக்குள் போகும்.

புருல்

*

தோக்மோக்
ஏப்ரல் 25

அக்காவுக்கு,

லைசென்ஸ் இல்லாமல், இந்த வயசில், அந்தப் பாதையில்! ஆனால் நீங்கள் முடிவு செய்துவிட்டால் அப்பாவாலேயே மாற்ற முடியாது, நான் எம்மாத்திரம். எழுதுகிறேன். கேலி இல்லை.

கியர் பெட்டிக்குள் பல்சக்கரங்கள் சுற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றும்போதுதான் பல்லும் பல்லும் கோக்கும். வேகம் ஒத்துவராதபோது நீங்கள் தள்ளினால் கத்தும். பலத்தால் ஆகாது அக்கா. அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள்.

மேல் கியருக்குப் போக: கிளட்சை மிதியுங்கள். ராடை நடுவுக்கு, நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். கிளட்சை விடுங்கள். மறுபடி மிதியுங்கள். மேல் கியரைப் போடுங்கள். இதுதான் டபுள் கிளட்ச்.

கீழ் கியருக்கு வர: கிளட்சை மிதியுங்கள். நியூட்ரல். கிளட்சை விடுங்கள். இப்போது வலது காலால் ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள், என்ஜின் ஏறும். ஏறின உடனே கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போடுங்கள். எவ்வளவு தட்டுவது என்பதுதான் வித்தை. அதை எழுத முடியாது. வேகமானி முள்ளைப் பார்த்துப் பழகுங்கள்.

ஏற்றத்தில் வளைவு வருவதற்கு முன்னாலேயே கீழ் கியருக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் போய் மாற்றினால் லாரி நின்றுவிடும், நின்றால் பின்னால் போகும். பின்னால் பள்ளத்தாக்கு இருக்கிறது.

உச்சி தாண்டினால் வேலை முடிந்தது. பெட்ரோல் விற்கிற விலைக்கு, நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குங்கள். இங்கே எல்லா டிரைவர்களும் அப்படித்தான் இறங்குகிறோம். லாரி தானே போகும்.

ஜெக்ஷென்

*

கோச்கோர்
மே 6

ஜெக்ஷெனுக்கு,

உன் கடிதத்தைத் தோல்குன் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து உரக்க வாசிக்க, நான் ஓட்டினேன். அவள் மடியில் குழந்தை. முதல் நாள் நடந்ததைக் கேள்.

"அத்தே, 'கிளட்சை விடுங்கள்'னு போட்டிருக்கு."

"எப்படி விடணும்? மெதுவாவா, சட்டுனா?"

"அது போடல. பக்கத்தைத் திருப்பணும் அத்தே, இருங்க, புள்ள தாளைப் பிடிச்சிருக்கான்."

அவள் பக்கத்தைத் திருப்புவதற்குள் லாரி தானாகப் பின்னால் போய் வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கிவிட்டது. கல்மாத் மாடு கட்டி இழுத்துவிட்டான். அதற்கு அவன் பேசிய பேச்சை நான் சாகும்வரை வைத்திருப்பேன்.

வேகமானி முள்ளைப் பார் என்று எழுதினாய். அந்த முள் கூட்டுப்பண்ணைக் காலத்திலேயே செத்துப் படுத்துவிட்டது. நாலு நாள் கையாலும் காலாலும் மாரடித்தேன். ஐந்தாம் நாள் கோபத்தில் என்ஜினை ஓடவிட்டபடி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது.

நான் முகர்சிங் வாசிப்பது உனக்குத் தெரியும். இரும்பு நாக்கு ஒரே குரலில்தான் அதிரும். வாயைக் குவித்தும் விரித்தும் நாம்தான் அதை மேலே ஏற்றுகிறோம், கீழே இறக்குகிறோம். லாரியும் அப்படித்தானடா. மூன்றாம் கியரில் போகும்போது ஒரு குரல். அதே வேகத்தில் இரண்டில் இருந்தால் அதைவிட உயர்ந்த குரல். மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டுமென்றால், நடுவில் காலால் தட்டி என்ஜினை அந்த உயர்ந்த குரலுக்குக் கொண்டுபோக வேண்டும். குரல் சேர்ந்த நொடியில் ராடைத் தொட்டால் போதும், பிசைந்த மாவில் விரல் இறங்குகிற மாதிரி இறங்குகிறது. எழுத முடியாத வித்தை என்று எழுதினாயே, நான் எழுதிவிட்டேன் பார்.

இப்போது சந்தை மேடு முழுக்கப் போய் வருகிறேன். பல் உரசுவதில்லை. கல்மாத் வேலியில் ஏறுவதையும் விட்டுவிட்டான். சும்மாதான் நிற்கிறான். நேற்று உன் மச்சான் முதல் தடவையாக ஏறி உட்கார்ந்தார். இறங்கும்போது, "குதிரையை விட நீ இதை நல்லா நடத்துற" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வந்த பெரிய பாராட்டு அது.

கடைசியில் ஒன்று எழுதினாயே, உச்சி தாண்டினால் என்ஜினை அணைத்துவிட்டு உருட்டு என்று. அதைத் தோல்குன் வாசித்ததும் நான் தாளைப் பிடுங்கிக்கொண்டேன்.

என் கல்யாண ஊர்வலம் ஆக்-பெல் இறங்கிய அன்று நீ ஓட்டிய லாரியின் முன் சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். உனக்குப் பதினெட்டு வயசு, புது லைசென்ஸ், தலையில் சாய்த்துவைத்த தொப்பி. பின்னால் அம்மா எனக்காக வருஷக்கணக்கில் கம்பளித் துண்டுகளை வெட்டித் தைத்த இரண்டு கம்பளம். ஒன்று சிவப்பும் கறுப்பும், ஆட்டுக்கொம்புக் கோலம். இன்னொன்று பழுப்பும் வெள்ளையும். உச்சி தாண்டியதும் லாரியின் சத்தம் நின்றது. காற்று மட்டும் கேட்டது. நீ கையை ராடிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். அதற்குப் பிறகுதான் பிரேக் போயிற்று. லாரி ஆற்றங்கரைக் கல்மேட்டில் சாய்ந்தது, நாம் பிழைத்தோம், கம்பளம் இரண்டும் ஆற்றோடு போயின. மாமியார் வீட்டுக்கு வெறும் தரையில் உட்காருகிற மருமகளாகப் போனேன்.

அதை விடு. அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் நீ என்ன சொன்னாய்? "பொம்பளை முன்னால உக்காந்தா வண்டிக்கு ஆகாது." அன்றிலிருந்து இந்த ஊரில் எந்த லாரியிலும் என்னை முன்னால் உட்கார விட்டதில்லை. மூட்டையோடு பின்னால்தான் போனேன்.

நான் என்ஜினை அணைக்க மாட்டேன். அணைத்து உருட்டினால் பாரம் முழுக்கப் பிரேக் தலையில்தான் விழும். பெட்ரோல் தீர்ந்தால் தீரட்டும்.

புருல்

*

தோக்மோக்
மே 13

அக்காவுக்கு,

பிரேக் குழாய் வெடித்தது. அதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை.

ஆக்-பெல்லில் போன வாரம் பனி விழுந்ததாக இங்கே டிரைவர்கள் பேசிக்கொள்கிறார்கள். வடக்குப் பக்க வளைவுகள் ஈரமாக இருக்கும். மாவு மூட்டைகளை முன் பக்கமாக ஏற்றுங்கள். கூடாரத்தின் கழிகளை இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள்.

என்றைக்குப் புறப்படுகிறீர்கள்?

ஜெக்ஷென்

*

கோச்கோர்
மே 19

ஜெக்ஷெனுக்கு,

ஆடுகள் வருகிற ஞாயிறு போய்விடும். நான் புதன் காலை. சத்தாரின் சாமானை ஏற்றிக்கொண்டு கல்மாத் வியாழன் புறப்படுகிறானாம். நான் வழியில் நின்றுவிடுவேன், இடம் காலியாகக் கிடக்கும், சத்தார் கூடாரம் போட்டுவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

எதற்குக் கேட்டாய்?

புருல்

*

தோக்மோக்
ஜூன் 9

அக்காவுக்கு,

மேய்ச்சல் இடத்திலிருந்து நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். முட்டி வீங்கியிருக்கிறது. மனைவி திட்டுகிறாள். "ஓட்ட முடியாதுன்னு எழுதிட்டு, பஸ்ல போய் மலை உச்சியில நின்னீங்களாக்கும்?" ஆமாம், நின்றேன்.

அன்று உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதுகிறேன். நீங்கள் மேலே வருவதற்கு வெகுநேரம் முன்பே நான் சாலைக்காரர்களின் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மேகம் இறங்கியிருந்தது, கீழே ஒன்றும் தெரியவில்லை. காதை மட்டும் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் மூன்றாம் கியரில் ஒரு காஸ் லாரி வரும் சத்தம். வளைவுக்கு முன்னால் சத்தம் ஒரு மூச்சு விட்டது, உயர்ந்தது, இரண்டு விழுந்தது. பல் உரசவில்லை. வளைவு முடிந்ததும் மறுபடி மூன்று. அடுத்த வளைவு, மறுபடி அதே மாதிரி. சாலைக்காரன் ஒருவன் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "யாருப்பா அது? நல்லாப் பழகின கை" என்றான்.

நான் எழுந்து நின்று, "எங்க அக்கா. நான் சொல்லிக்குடுத்த கை" என்றேன்.

அவன் நம்பவில்லை. மேகத்திலிருந்து லாரியின் மூக்கு வெளியே வந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உங்கள் வெள்ளைத் தலைக்கட்டு தெரிந்த பிறகு அவன் தொப்பியைக் கழற்றினான். கடைசி வளைவில் மட்டும் ஒரு தடவை பல் உரசியது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இறக்கம் முழுக்க உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தேன் அக்கா. அடிவாரம் வரை என்ஜின் ஒரு தடவைகூட ஓயவில்லை. இரண்டாம் கியர் லாரியைப் பிடித்துக்கொண்டே வந்தது. பிரேக்கை நீங்கள் தொட்டதே அபூர்வம். பிரேக் சூடாகவே இல்லை. இறங்கியதும் சக்கரத்தைக் கையால் தொட்டுப் பார்த்தேன். நீங்கள் பார்க்காதபோது.

கோச்கோர் வழியாக மேய்ச்சலுக்கு வரும் ஒரு டிரைவரிடம் இந்தக் கடிதத்தோடு சின்னப் பொட்டலமும் கொடுத்தனுப்புகிறேன். மொட்டைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓட்டாதீர்கள்.

ஜெக்ஷென்

*

ஆக்-பெல் மேய்ச்சல்
ஜூன் 21

தம்பி ஜெக்ஷெனுக்கு,

நீ சுகமா, வீங்கிய முட்டி சுகமா? ஆடுகள் நன்றாக இருக்கின்றன. குதிரைப்பால் புளித்து நிற்கிறது, வந்தால் குடிக்கலாம்.

நான் சொல்லிக்கொடுத்த கை என்றாயாமே! நீ சொல்லிக்கொடுத்தது தாளில் இருந்தது, அந்தத் தாளைக் குழந்தை கடித்துவிட்டான். கடைசி வளைவில் உரசியது பல் இல்லை, சக்கரத்துக்கு அடியில் கல்.

நீ எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். உச்சியில் நீ ஏறி உட்கார்ந்தாய். தோல்குன் குழந்தையோடு ஓரமாக நெருக்கி உட்கார்ந்தாள். இறக்கம் தொடங்கிய உடனே, பேசிக்கொண்டிருக்கும்போதே, உன் கை தானாக ராடுக்கு வந்தது. நியூட்ரலில் தள்ளப் போனாய். நான் அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். குழந்தை சிரித்தான். நீ கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு வந்தாய். என் கல்யாணத்தன்றும் இதே கைதானே என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. அன்று மாலை பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் புதிதாக வந்தவர்களுக்கு வைக்கிற விருந்து வைத்தார்களே, அதை நான் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். இறைச்சி பங்கு வைக்கும்போது வண்டி ஓட்டி வந்தவருக்கென்று தொடை எலும்பை எடுத்து உன் பக்கம் நீட்டினார்கள். வழக்கம், ஆம்பிளையைப் பார்த்து நீட்டினார்கள். நீ கையை நீட்டினாய். நான் பார்த்தேன்! வாங்கியும் விட்டாய். அப்புறம் அதைத் தூக்கிக் கூடாரம் முழுக்கக் கேட்கும்படி, "ஓட்டினது நான் இல்லப்பா. அக்கா ஓட்டினாங்க, நான் முன்னால உக்காந்து வந்தேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகல" என்று சொல்லி என் தட்டில் வைத்தாய். உன் மச்சான் தாடியைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். அவருக்குப் பெருமை வந்தால் அப்படித்தான்.

மறுநாள் சாயங்காலம் கல்மாத்தின் லாரி வந்தது. சத்தார் இறங்கி, நம் கூடாரத்தையும் புகைகிற அடுப்பையும் பார்த்துவிட்டு, "அக்கா, எப்ப வந்தீங்க?" என்றான். "நேத்து" என்றேன். தேநீர் கொடுத்தேன். அப்பாவின் அடுப்பில் நான் கொதிக்க வைத்த தேநீர். அவன் அங்கிருந்து வெகுதூரம் போய், ஓடைக்கு அந்தப் பக்கம் கூடாரம் போட்டிருக்கிறான். கல்மாத் திரும்பும்போது என்னிடம், "இறக்கத்துல இரண்டுலயேவா வந்தீங்க?" என்று கேட்டான். அவனுடைய பிரேக் கருகிய நாற்றம் இன்னும் காற்றில் இருந்தது.

பொட்டலம் வந்தது. தோல்குன் பிரித்ததும், "அத்தே, ரோஜா!" என்று கத்தினாள். துணியைக் கழற்றிவிட்டுக் குமிழைத் திருகிப் போட்டுவிட்டேன். உன் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் மங்கியிருக்கிறது. என் கைக்கு அது சரியாகப் பொருந்துகிறது. தினமும் தலைக்கட்டு முனையால் துடைக்கிறேன். யாரையும் தொட விடுவதில்லை.

கம்பளக் கணக்கு அப்படியே இருக்கிறது. சிவப்பும் கறுப்பும் ஒன்று, பழுப்பும் வெள்ளையும் ஒன்று. குமிழ் கொடுத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதே.

அடுத்த வருஷம் முட்டி சரியானால் நீ வா. ஏற்றம் நான் ஓட்டுவேன், அதில் பேச்சே இல்லை. இறக்கம் நீ ஓட்டு. நான் முன் சீட்டில் உட்கார்ந்து என்ஜினைக் கேட்டுக்கொண்டு வருகிறேன்.

அக்கா
புருல்